‘குணமாக்கும்’ அடிக்காத பரிபூரணம்

லேபிள் எதுவானாலும் அச்சுக்குப் போகுமுன் பரிபூரணம் அதை வாய்விட்டு வாசிப்பாள், காற்புள்ளிக்குக்கூட மூச்சு விட்டு. ராஜபாளையத்தில் தங்கச்சாமியின் அச்சகத்தில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறாள். சோடா, ஜூஸ், சர்பத் பாட்டில்களின் லேபிள்கள்தான் அதிகம். அவள் குடிப்பதென்னவோ வெந்நீர் மட்டும். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையிலும் சிவப்பு மையால் பிழை திருத்திவிட்டுத்தான் கல்யாணத்துக்குக் கிளம்புவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு வரை, எழுதிக் கொடுத்ததை அப்படியே அடித்துக் கொடுத்தவள்தான். ஒரு திராட்சை ஜூஸுக்கு ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்று பெரிதாகப் போட்டாள். மில்லில் வேலை பார்க்கும் தம்பி விமலுக்குச் சர்க்கரை வியாதி. அதைத் தினம் இரண்டு பாட்டில் குடித்தவன், ஒரு நாள் ஷிப்டிலேயே மயங்கி விழுந்தான்.

“சேக்கலைன்னா இல்லைன்னு அர்த்தமா? பழத்துலயே இருக்கேம்மா” என்றார் டாக்டர்.

விமல் கட்டிலில் கிடந்தபடி, “நீ அடிச்ச லேபிள்னு நம்பித்தானக்கா குடிச்சேன்” என்றான்.

லேபிளில் பொய் இல்லை. ‘இயற்கையான சர்க்கரை உண்டு’ என்று இன்னொரு வரி இருந்திருக்க வேண்டும்; அவ்வளவுதான். அந்த வாரமே உணவுப் பாதுகாப்பு விதிகளை அச்செடுத்து, அடிக்கோடிட்டுப் படித்தாள்.

போன மாதம் சோழபுரம் சோலைச்சாமி நெல்லிக்காய் பானத்துக்கு லேபிள் கேட்டு வந்தார். முகப்பில் ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்று வர வேண்டுமாம். அவர் நீட்டிய பரிசோதனைச் சீட்டிலோ, நூறு மில்லிக்குப் பன்னிரண்டு கிராம் சர்க்கரை.

“குணமாக்கும்னு போட ஏலாது அண்ணாச்சி. சட்டத்துல எடமில்ல.”

“எம்புட்டுப் பேரு போடுதான்! ஒனக்கென்ன தாயி, சொன்னதை அடி.”

“வைட்டமின் சி இருக்குன்னு சீட்டுல இருக்கு, அதைப் போடுதேன். இது என் கையால முடியாது.”

சோலைச்சாமி வேறு அச்சகத்துக்குப் போனார். பத்தாயிரம் லேபிள் போச்சே என்று தங்கச்சாமி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில், விமல் வீட்டுக்குப் போகிற வழியில், கல்பனாவின் பெட்டிக்கடை வாசலில் அந்தப் பாட்டில்களைப் பார்த்தாள். அவள் மறுத்த அதே வரி, பச்சை எழுத்தில். அங்கேயே நின்று படம் எடுத்து உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை வந்து பார்ப்பதாகச் சற்று நேரத்தில் பதில் வந்தது.

நடுவில் மூன்று நாள். பரிபூரணம் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சர்க்கரை அளவு அச்சிட்ட பக்கம் தெருவைப் பார்க்கும்படி பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கத் தொடங்கினாள்.

“என்னக்கா செய்யுதீக?” என்று எட்டிப் பார்த்தாள் கல்பனா.

“செத்த இரு. இன்னும் நாலுதான்” என்றபடி அடுத்ததைத் திருப்பினாள்.