கூரையைத் தொடாதே!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வருகிறேன். எங்கள் கோயில் பாடகர் குழுவில் இருக்கும் பிலோமினா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"செலின்... உங்க அண்ணன் புதுசா கார் வாங்கிட்டாரா?"

"யாரு, அருள் அண்ணனா? அவருகிட்ட சைக்கிள்கூடக் கிடையாதே!"

"நேத்து சிராங்கூன் ரோட்டுல பாத்தேன். சிவப்புக் கார். கூரையே இல்ல. அவருதான் ஓட்டுறாரு. பக்கத்துல யாரோ..."

"யாரோன்னா?"

"முகம் தெரியலம்மா. கறுப்புக் கண்ணாடி. கழுத்து, தாடையெல்லாம் சுத்தி சால்வை. நேரா நிமிந்து உக்காந்து... பெரிய மகாராணி மாதிரி!"

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். எனக்குத்தான் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

அருள் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அறுபத்து மூன்று வயது. சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டில் முப்பது வருடம் சரக்கு ஏற்றும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணி இறந்து மூன்று வருடமாகிறது. பிள்ளை ஆஸ்திரேலியாவில். செங்காங்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கில் தனியாக இருக்கிறார். என் வீடு அங்கிருந்து இரண்டு புளோக் தள்ளி.

நான் யோசிக்க ஆரம்பித்தேன். யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு எல்லாமே ஒன்றோடு ஒன்று பொருந்திவிடும்! சனிக்கிழமை மதியம் போன் பண்ணினால் எடுப்பதில்லை. காது மடல் இரண்டும் வெயிலில் கருத்திருக்கிறது. அவர் வீட்டு மேசைமேல் சன்ஸ்கிரீன் டியூப்... வாழ்நாளில் பவுடரைத் தவிர வேறெதையும் முகத்தில் பூசாத மனிதர்! ஆணியில் இரண்டு தொப்பிகள். ஒரு தலைக்கு எதற்கு இரண்டு தொப்பி?

அந்தச் சால்வைக்காரி யார்? தனியாக இருக்கும் ஆணைக் குறிவைத்து, இனிக்க இனிக்கப் பேசி, கடைசியில் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி நாமும் கேள்விப்படாமலா இருக்கிறோம்?

அடுத்த சனிக்கிழமை மதியம் அண்ணன் புளோக்குக்குக் கீழே திறந்தவெளி கார்பார்க்கில் போய் நின்றேன். புளோக் தூண் ஒன்றுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன் என்றே எழுதலாம். வாசகர்களிடம் எனக்கென்ன வெட்கம்?

சிவப்புக் கார் நின்றிருந்தது. கூரை மூடியிருந்தது. அண்ணன் பின்பக்க டிக்கியைத் திறந்து தலையை உள்ளே விட்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்ததும் நேராக என்னைப் பார்த்தார்.

"தூணுக்குப் பின்னாடி ஏன் நிக்கிறே? வா, ஏறு."

"யாரு கார் இது?"

"வாடகைக் கார்."

"எங்க போறீங்க?"

"வந்தா தெரியும்."

பாருங்கள், இந்த மாதிரிப் பதில் சொல்கிறவர்களை நம்ப முடியுமா? ஏறினேன். பின்சீட்டு என்று பெயர்தான். முழங்கால் தாடையில் இடிக்கிறது. இந்த மாதிரி கார் செய்கிறவர்கள் பின்னால் மனிதர் உட்கார்வார் என்று நினைத்துச் செய்தார்களா, பை வைக்கச் செய்தார்களா என்று தெரியவில்லை.

"கூரையத் திறக்க மாட்டீங்களா?"

"ஹைவேயில எதுக்கு? பேசுறதே கேக்காது. அங்க போய்த் திறப்போம்."

ரோவல் ரோடு பக்கத்து புளோக் ஒன்றின் கார்பார்க்கில் வண்டியை நிறுத்தினார். மேலே மரக்கிளை இருக்கிறதா என்று பார்த்தார். இறங்கிப் பின்னால் போய், சுவருக்கும் காருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பார்த்தார். டிக்கியைத் திறந்து, உள்ளே பைகளுக்கு மேல் விரிக்கும் திரையை இழுத்துக் கொக்கியில் மாட்டினார்.

"எதுக்கு இவ்வளவு சடங்கு?" என்று கேட்டேன்.

"கூரை மடங்கி இந்த டிக்கிக்குள்ளதான் வரும். உள்ள பை கிய் நிமிந்து நின்னா நசுங்கிரும், கூரையும் கெட்டுரும். கைய உள்ள வச்சுக்கோ."

இருக்கைகளுக்கு நடுவே இருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தார். உர்ர்ர்... டிக்கி தானாகத் திறந்தது. கூரை இரண்டாக மடிந்து பின்னால் போய் இறங்கிக்கொண்டது. டிக்கி மூடியது. அதுவரை அண்ணன் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. தலைக்கு மேல் வானம்!

எனக்கு அந்த இயந்திரத்தைப் பிடிக்கவில்லை. இவ்வளவு பணிவாகத் திறக்கிற ஒன்று, மூடும்போதும் அதே பணிவோடு மூடுமா?

சால்வைக்காரியைத் தேடினேன். லிஃப்டிலிருந்து ஒரு ஆள் வந்தார். உயரமான, வெள்ளைத் தாடி வைத்த ஆண்! கழுத்தில் சால்வை. கறுப்புக் கண்ணாடி. கையில் ஊன்றுகோல். தலை இப்படி அப்படித் திரும்பவில்லை. என்னைப் பார்க்க முழு உடம்பையும் திருப்பினார்.

"இதுதான் உன் தங்கச்சியா? அஸ்ஸலாமு... மன்னிச்சுக்கம்மா, வாய்ப் பழக்கம். வணக்கம்."

ஹாஜா பாய். அண்ணனோடு முப்பது வருடம் ஒரே ஷிஃப்டில் சரக்கு ஏற்றியவர். முதுகெலும்பு கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் கழுத்தும் இறுகிவிட்டது. குனிய முடியாது, திரும்ப முடியாது, அண்ணாந்து பார்க்க முடியாது.

அண்ணன் கதவை அகலமாகத் திறந்தார். ஹாஜா பாய் காருக்கு முதுகைக் காட்டி நின்றார். ஒரு கையால் முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் தோளைத் தாங்க, நின்ற வாக்கிலேயே நேராக இறங்கி உட்கார்ந்தார். பிறகு கால்கள் உள்ளே வந்தன. தலையைக் குனியவே இல்லை. குனிய வேண்டிய அவசியமே இல்லையே... மேலே கூரை இல்லை!

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"டாக்சியில ரெண்டு தடவ மண்டையில அடி வாங்குனேன்மா," என்றார். "அதுக்கப்புறம் வீட்ட விட்டு எறங்குறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். எட்டு மாசம். இவன்தான் ஒருநாள் வந்து, எறங்குடா, தலைய இடிக்காத கார் கொண்டாந்திருக்கேன்னான்."

சிராங்கூன் ரோட்டில் கார் மெதுவாக நகர்ந்தது. சனிக்கிழமைக் கூட்டம். பூமாலைக் கடைக்காரர் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். சிக்னலில் இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கை நீட்டலாம் என்று நான் கைப்பையை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"பாய், எல்லாரும் உங்களையே பாக்குறாங்க. கூச்சமா இல்லையா?"

"நடந்து போனா என்னைப் பாப்பாங்க. இதுல போனா காரைத்தானே பாக்குறாங்க!"

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று முன்னால் குனிந்து கேட்டேன்.

"சொன்னா நீ வருவே. வந்தா கேள்வி கேப்பே."

ஹைவேக்கு முன்னால் ஓரமாக நிறுத்திக் கூரையை மூடிக்கொண்டோம். மூடுவதற்கு முன் அண்ணன் சொன்னார்: "ஹாஜா, கை மடியில." அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக் காட்டினார். சின்னப் பிள்ளைகள் விளையாட்டுப் போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

சாங்கி கடற்கரைக் கார்பார்க். மறுபடியும் மேலே பார்த்து, பின்னால் பார்த்து, கூரையைத் திறந்தார். பிறகு ஹாஜா பாயின் இருக்கையை மெதுவாகப் பின்னால் சாய்த்தார்... இன்னும் சாய்த்தார்... கிட்டத்தட்டப் படுத்த நிலை.

"ஓடுற வண்டியில இப்படிச் சாய்க்கக் கூடாது. பெல்ட் பிடிக்காது. நின்னப்புறம்தான்," என்றார் என்னிடம்.

நான் ஏன் என்று கேட்பதற்குள் சத்தம் வந்தது. தலைக்கு மேலே, வெகு தாழ்வாக, ஒரு விமானம். சக்கரங்களை இறக்கிக்கொண்டு கடலின் மேல் வந்து எங்களைக் கடந்து போனது.

"கார்கோ," என்றார் ஹாஜா பாய். "வயிறு கனத்து வருது பாரு. முப்பது வருஷம் அதுக்குள்ள ஏத்தி எறக்குனோம்டா அருள். கீழ இருந்து ஒரு நாளாவது பாத்தோமா?"

அண்ணாந்து பார்க்க முடியாத மனிதருக்கு வானத்தைக் காட்ட வேறு என்ன வழி இருக்கிறது? நான் கைப்பையைக் கீழே வைத்தேன்.

நாலைந்து விமானம் போனபின் அண்ணன் கோப்பி வாங்கக் கிளம்பினார். நான் ஓட்டுநர் இருக்கைக்கு மாறி உட்கார்ந்தேன். சாவி கோப்பை வைக்கும் குழியில் கிடந்தது.

"மழை வந்தா பின்னாடி குடை இருக்கு, பிடிச்சுக்கோ. கூரையத் தொடாதே. நான் வந்து மூடுறேன்."

"ஏன், எனக்கு லைசன்ஸ் இல்லையா?"

"தொடாதேன்னா தொடாதே."

போய்விட்டார். எனக்குக் கோபம். ஒரு பொத்தானை அழுத்துவதில் என்ன பெரிய வித்தை? நான்தான் மூன்று தடவை பார்த்துவிட்டேனே!

மழையும் அதற்காகவே காத்திருந்தது. முதலில் நாலு துளி. பிறகு கொட்ட ஆரம்பித்தது. குடை என் நினைவுக்கே வரவில்லை. பிரேக்கை மிதித்து எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். கூரைப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

உர்ர்ர்... கூரை எழுந்தது. நான் கழுத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளையில் இடிக்குமா? பாதியில் நின்றுவிடுமா? என் சந்தேகமெல்லாம் கூரைமேல். பக்கத்தில் இருந்தவரைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி... என்னமோ இருட்டுதே?"

திரும்பினேன். சாய்ந்திருந்தவர் எழுந்து உட்காரப் பார்த்திருக்கிறார். அவருக்குப் பிடிமானம் ஒன்றுதான். முன்கண்ணாடிச் சட்டம். அதன் மேல்விளிம்பில் இரண்டு கைகள். சட்டத்துக்கு மேலே எட்டு விரல்கள். கூரையின் முன்பக்கம் நேராக அந்த விளிம்பை நோக்கித்தான் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து வருவதை அவரால் எப்படிப் பார்க்க முடியும்?

விரலை எடுத்தேன். கூரை நின்றது. ஒரு சாண் இடைவெளி. அவ்வளவுதான்.

"கைய எடுங்க பாய்! கைய எடுங்க!"

"விட்டா பின்னால விழுந்துருவேன்மா," என்றார், நிதானமாக.

ஒரு கையை அவர் முதுகுக்குப் பின்னால் கொடுத்துத் தாங்கினேன். இன்னொரு கையால் இருக்கையை நிமிர்த்தினேன். கைகள் மடிக்கு வந்தன. விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மறுபடி அந்தப் பொத்தானைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. பாதிக் கூரைக்குக் கீழே இருவரும் நனைந்துகொண்டிருந்தோம்.

காரை, அண்ணனை, பிலோமினா சொன்ன சால்வையை, சிராங்கூன் ரோட்டுக் கூட்டத்தை... எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். என் விரலை மட்டும் சந்தேகப்படவில்லை.

அண்ணன் கோப்பியோடு ஓடி வந்தார். பாதியில் நிற்கும் கூரையைப் பார்த்தார். ஹாஜா பாயின் கைகளைப் பார்த்தார். என்னை இறங்கச் சொல்லி, உட்கார்ந்து, கூரையை மூடி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"யாரு தொட்டது?"

"நான்தான்டா," என்றார் ஹாஜா பாய். "எந்திரிக்கறப்ப என் முழங்கை பட்டுருச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

பாயை அவர் வீட்டில் இறக்கிவிடும்போது, அண்ணன் அந்தப் பக்கம் ஊன்றுகோல் எடுக்கப் போன நேரம், ஹாஜா பாய் தணிந்த குரலில் சொன்னார்: "அவன்கிட்ட சொல்லிறாதே. பயந்துட்டான்னா கார் எடுக்க மாட்டான். அப்புறம் எனக்குச் சனிக்கிழமை இல்லம்மா."

சொல்லாமல் இருந்தால் அவருடைய சனிக்கிழமை பிழைக்கும். ஆனால் அண்ணனுக்குத் தெரியாத ஓர் ஆபத்து அந்தக் காருக்குள்ளேயே இருக்கும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

நாலு நாள் தாங்கினேன். புதன்கிழமை காலை அண்ணன் வீட்டுக்குப் போய், கதவருகே நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தெரியும்," என்றார்.

"எப்படி?"

"முழங்கை பட்டா கூரை பாதி வரைக்கும் வராது, விடாம அழுத்திப் பிடிக்கணும். அவன் முழங்கை அந்தப் பொத்தானுக்கு எட்டவும் எட்டாது. நான்தானே வாரா வாரம் அவன உக்கார வைக்கிறேன்?"

"அப்ப ஏன் எதுவும் கேக்கல?"

"அவன் சனிக்கிழமைக்காகப் பொய் சொன்னான். அது எனக்குப் புரிஞ்சுது. நீ ஏன் பேசாம இருந்தேன்னு பாத்தேன். வருவேன்னு நெனச்சேன். நாலு நாளாகும்னு நெனைக்கல."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துப் போட்டார். அந்தக் காரின் கையேடு. பக்கம் பக்கமாக அச்செடுத்து, மஞ்சள் மையால் கோடு போட்டு வைத்திருந்தார். கூரை அசையும்போது யாருடைய கை எங்கே இருக்க வேண்டும், மேலே எவ்வளவு இடம் வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும்... முதல் சனிக்கிழமைக்கு முன்னால் இரண்டு தடவை படித்தாராம். காலிக் காரில் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்தாராம். "ஒரு பொருள் எங்க நம்மளக் கடிக்கும்னு தெரியாம, ஹாஜாவ அதுல எப்படி உக்கார வைக்கிறது?"

அவரும் சந்தேகப் பிராணிதான், என்னைப் போலவே. ஒரே ரத்தம் அல்லவா? ஆனால் அவர் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டு, மனிதரைக் காப்பாற்றி வைத்திருந்தார். நான் மனிதரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இயந்திரத்தில் கை வைத்தேன்.

"சனிக்கிழமை உண்டா அண்ணே?"

"உண்டு. இனிமே நான் கோப்பி வாங்கப் போனா கூரைய மூடிட்டுத்தான் போவேன். அது என் தப்பு."

அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிளம்பப் போனேன்.

"எங்க போறே? சனிக்கிழமை மூணு மணிக்குக் கீழ வந்து நில்லு. தூணுக்கு முன்னாடி. ஹாஜா உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னான்."

"என்மேல நம்பிக்கை இருக்காண்ணே?"

தாள்களை அடுக்கி இழுப்பறைக்குள் வைத்தார்.

"இருக்கு. ஆனா சாவி என் பாக்கெட்லதான் இருக்கும்."