முன்னுரை என்று ஒருவன்

என் அத்தை மகனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. நான் வைத்த பெயர்தான் நிலைத்தது: முன்னுரை. கல்லூரியில் சேர்ந்த புதிதில் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் நாலு வரி எழுதுவான். அப்புறம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவான். அந்த நாலு வரியும் எல்லாத் தலைப்புக்கும் ஒன்றேதான். 'மனித வாழ்வில் நூலகம் இன்றியமையாதது.' 'மனித வாழ்வில் சாலை விதிகள் இன்றியமையாதவை.'

"மனித வாழ்வுல இன்றியமையாததா இல்லாத பொருள் ஒண்ணு சொல்லுடா பாப்போம்" என்று ஒரு நாள் வம்புக்கு இழுத்தேன்.

"நான்" என்றான். விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கட்டுரை என்றால் மனப்பாடம். வாத்தியார் கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் உருப்போடுவோம், தேர்வில் கக்கிவிட்டு வருவோம். கமா பிசகாமல் கக்கியவனுக்கு முழு மதிப்பெண். அவன் அதில் புலி. கல்லூரியில் கட்டுரை வகுப்பு எடுத்த ஆசிரியை வேறு மாதிரி. அவன் எழுதிய முதல் கட்டுரையின் ஓரத்தில் சிவப்பு மையால் 'இதில் நீ எங்கே?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அவன் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"பேரு மேலேயே எழுதியிருக்கேனே, மேடம் பாக்கலையா?" என்றான். பாவம், உண்மையாகவே கேட்டான்.

அந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் எடுத்தாலும் கட்டுரைத் தாளில் தேறியாக வேண்டும். மூன்று தடவை எழுதலாம். மூன்றாவதிலும் கோட்டை விட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அவன் இரண்டு தடவை விட்டிருந்தான். என் அத்தை மருத்துவமனையில் வார்டு வேலை பார்க்கிறவள். தரை துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, வாந்தி எடுத்தால் அள்ளுவது எல்லாம் அவள் வேலை. மாமா போய்ச் சேர்ந்த பிறகு அவள் இந்த உலகத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் புள்ள ஒரு மேசைக்குப் பின்னால உக்காந்து வேலை பாக்கணும். குனிஞ்சு பாக்குற வேலை என்னோட போகட்டும்" என்பாள். அதற்குக் குறுக்கே நின்றது இந்த ஒரு தாள்.

எங்கள் கடை கல்லூரி மதிலை ஒட்டிய ஒரு நீள அறை. அறை கல்லூரிக்குச் சொந்தம், அப்பா வாடகைக்கு எடுத்திருந்தார். இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஸ்பைரல் போடும் கருவி, உட்கார்ந்தால் முனகும் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். மெஷின் பக்கம் நான். மாணவர்கள் கையால் எழுதிக்கொண்டு வருவதைக் கணினியில் அடித்துக் கொடுப்பது முன்னுரையின் வேலை. மதியம் வகுப்பு முடிந்ததும் சாப்பிட்டும் சாப்பிடாமலும் வந்து உட்காருவான்.

அப்பா அவனிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். "மாப்ள, அவன் தப்பா எழுதியிருந்தா தப்பாவே அடி. நமக்கு எதுக்கு வம்பு?"

கொஞ்ச நாள் அப்படித்தான் நடந்தது. அச்சான தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் போடும்போது ஓரக்கண்ணால் படிப்பது என் கெட்ட பழக்கம். ஒரு தடவை பொது சுகாதாரம் பற்றிய கட்டுரை ஒன்று. எழுதிக் கொண்டுவந்த பையன் எங்கள் தெருக்காரன், அவன் மூளையின் நீள அகலம் எனக்குத் தெரியும். அதில் நடுவில் இப்படி ஒரு வரி இருந்தது: 'மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, எல்லோரும் ஒரே கதவைப் பார்க்கிறார்கள்.' கையெழுத்துப் பிரதியைப் புரட்டினேன். அந்த இடத்தில் 'மருத்துவமனைகள் இன்றியமையாதவை' என்று இருந்தது.

"அடுத்தவன் சட்டையில உன் பொத்தானை எதுக்குடா தைக்கிற?" என்றேன்.

திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னான். "என் கட்டுரைன்னு உக்காந்தா பயமா இருக்கு. இது வேற எவனோ பேர்ல போகுது. பயமே இல்ல. என்ன தோணுதோ அது வருது."

அப்பாவிடம் சொல்லியிருப்பேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது மனசு வரவில்லை. அன்றுதான் முதல் தடவையாக அவன் மின்விசிறியைப் பார்க்காமல் எழுதினான்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஒருவனுக்கு ஒரு வரி, இன்னொருத்திக்கு ஒரு பத்தி, வேறொருவனுக்கு முடிவுரை முழுக்க. வேலையின்மை பற்றிய கட்டுரையில் 'வேலை தேடுகிறவனுக்குத் திங்கட்கிழமை காலைதான் வாரத்திலேயே நீளமானது' என்று நுழைத்துவிட்டான். போக்குவரத்து பற்றிய கட்டுரையில், பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் வராத பேருந்தின் மேல் கோபப்படாமல் பக்கத்தில் நிற்கிறவர் மேல் கோபப்படுவதைப் பற்றி ஒரு பத்தி. எழுதிக் கொடுத்தவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எழுதியதைத் திரும்பப் படிக்கிற பழக்கம் அந்த மகராசன்களுக்கு ஏது? மதிப்பெண் மட்டும் ஏறியது. "உங்க கடையில அடிச்சா ராசிங்க்கா" என்று சொல்லிக்கொண்டு கூட்டமாக வந்தார்கள். அப்பா அதை நம்பி வாசலில் புது பல்பு மாட்டினார்.

அடித்துக்கொண்டே என்னிடம் பேசுவான். மெஷின் சத்தத்தில் பாதி காதில் விழாது, விழுந்த வரைக்கும் சொல்கிறேன். "முதல் வரி பொய்யா இருந்தா ரெண்டாவது வரி அதைக் காப்பாத்தத்தான் ஓடும். அப்புறம் கட்டுரை முழுக்க ஓட்டம்தான்." இன்னொரு நாள், "நாலு வரி முன்னுரைய அடிச்சுப் போட்டுட்டா, அஞ்சாவது வரியில கட்டுரை தானா ஆரம்பிக்குது. இத்தனை நாளா கதவுலயே நின்னுட்டு இருந்திருக்கேன்" என்றான். எனக்குக் கட்டுரையும் வேண்டாம் கத்தரிக்காயும் வேண்டாம் என்று பத்தாவதோடு நின்றவள் நான். ஆனாலும் அவன் பேசுவது பிடித்திருந்தது. பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

மூன்றாவது, கடைசிக் கட்டுரைக்கு வந்த தலைப்பு 'பொது இடங்கள்'. வீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். ஒரு வாரம் எழுதினான். மற்றவர்களுக்கு என்று அங்கங்கே விட்ட வரிகளை எல்லாம் கூட்டி வந்தான். வராந்தா வந்தது, திங்கட்கிழமை வந்தது, பேருந்து நிறுத்தம் வந்தது. அவை எல்லாம் அவன் கண்ணால் பார்த்தவை, அவன் தலையில் பிறந்தவை. தன் சொந்தப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டி வருகிறவன் யாரிடம் அனுமதி கேட்பான்? அவனுக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

எழுதி முடித்ததும் அத்தைக்குப் படித்துக் காட்டினான். அத்தை வேலை விட்டு வந்து வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வராந்தா பற்றிய இடம் வந்ததும் காலை அசைப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஆமாடா, அப்படித்தான் பாப்பாங்க. நான் துடைப்பத்தோட அந்தக் கதவைத் திறந்தாக்கூட எந்திரிச்சிடுவாங்க" என்றாள். அவன் அதையும் சேர்த்துக்கொண்டான்.

கொடுத்து இரண்டு வாரத்தில் அவனை அழைத்தார்கள். வீட்டுப் பெரியவர் யாரையாவது கூட்டி வர வேண்டும் என்று தகவல். அத்தைக்கு விடுப்பு இல்லை, அப்பாவுக்குத் தெரிந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அவனைவிட ஒரு வயது மூத்தவள் என்கிற தகுதியில், நல்ல புடவையாக ஒன்றைச் சுற்றிக்கொண்டு அவன் அக்காவாகப் போனேன். நன்றாக எழுதியதற்குப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார்களோ என்று வழியில் அவன் ஒரு தடவை கேட்டான். "பின்ன?" என்றேன்.

ஆசிரியையின் மேசையில் அவன் கட்டுரை இருந்தது. முக்கால்வாசி வரிகள் மஞ்சளாக இருந்தன. எல்லா மாணவர்களின் கட்டுரைகளையும் கணினியில் ஏற்றி ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாட்டை அந்த வருடம் கொண்டுவந்திருந்தார்களாம். ஒரே மாதிரி இருக்கும் வரிகளை அது மஞ்சளாக்கிக் காட்டுமாம்.

"மஞ்சள் போட்டதெல்லாம் மத்த பசங்க எழுதினது. போன வருஷம் எழுதினவங்ககூட இருக்காங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, இருபது பேர்கிட்டேருந்து பொறுக்கி எடுத்திருக்கான்" என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "படிச்சதும் சந்தோஷப்பட்டேன் தம்பி. கடைசியில ஒரு பையன் தானா எழுதக் கத்துக்கிட்டான்னு என் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னேன்."

அவன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் மேசையருகே போய்ப் படபடவென்று கொட்டினேன்.

"மேடம், அந்த வரியெல்லாம் இவனே எழுதினது. அவங்க கட்டுரைய எங்க கடையிலதான் அடிச்சாங்க. இவன்தான் அதுல சேத்துக் கொடுத்தான். இவன்கிட்டேருந்துதான் அவங்களுக்குப் போச்சு!"

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அக்கா இல்லையா, அப்படித்தான் சொல்லுவீங்க. சரி, நீங்க சொல்றதே நிஜம்னு வச்சுக்குவோம். அப்போ இருபது பேருக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கான். அது இதைவிடப் பெரிய தப்பு. அந்த இருபது பேர் மார்க்கையும் ரத்து பண்ணணும். மதிலை ஒட்டி இருக்கிற கடையையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. இவனுக்கும் இங்க இடமிருக்காது. விசாரிக்கச் சொல்லட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"வேணாம் மேடம். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் பாத்து எழுதினேன்."

அவன் கையைக் கிள்ளினேன். அவன் அசையவே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் அவன் படிப்பு போகிறது. ஒரு பக்கம் போனால் அது மட்டும் போகும், மறுபக்கம் போனால் இருபது பேரும் என் அப்பாவின் கடையும் சேர்ந்து போகும். இதை அவன் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டான். இப்படி யோசிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு வாழ்வு கொடுக்காத இடம் என்ன இடம் என்று எனக்கு ஆத்திரம். ஆசிரியை மேலும் கோபம், திரும்பிக்கூடப் படிக்காமல் எடுத்துக்கொண்டுபோன அந்த இருபது பேர் மேலும் கோபம், இவன் மேல்தான் எல்லாவற்றையும்விடக் கோபம். அழுகையும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எங்களை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த கிளார்க் ஓர் அச்சடித்த தாளைக் கொடுத்தார். "இதை அப்படியே உன் கையால எழுதிக் கொடுப்பா. சொந்தமா எதுவும் சேக்கக் கூடாது, அப்புறம் மறுபடியும் எழுத வேண்டி வரும்" என்றார்.

வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். 'பிற மாணவர்களின் கட்டுரைகளிலிருந்து வரிகளைத் திருடி எனது கட்டுரையாகச் சமர்ப்பித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குச் சொந்தமாக எழுதும் திறன் இல்லாமையால் இவ்வாறு செய்ய நேர்ந்தது.' இரண்டாவது வரிக்கு வந்தபோது பேனா நின்றது.

"அத்தைகிட்ட என்னடா சொல்றது?" என்றேன்.

"வேலை கேட்டு அம்மா வார்டுக்கே வரேன்னு சொல்லிக்கிறேன்" என்றான். மறுபடி குனிந்து எழுதினான்.

கல்லூரியில் அவன் பார்த்து எழுதியது அந்த ஒரு தாள்தான். கிளார்க் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டி வரி வரியாகச் சரிபார்த்தார்.

"ஒரு எழுத்துகூட மாறல. சரியா இருக்கு" என்றார்.