டாஸில் விழுந்த பக்கம்

சுகன்யாவுக்கு மேடை என்றாலே ஆகாது. பெரம்பலூர் பக்கம் கூலி வேலைக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, கபடி ஆடியே மாநில அளவு வரை போய், அந்தச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டே உடற்கல்வி ஆசிரியை ஆனவள். ஜெயங்கொண்டத்தில் வாழ்க்கைப்பட்டு, வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஸ்கூட்டியில் வந்து போகிறாள். அவள் விசில் ஊதினால் முந்திரித் தோப்புக்கு அந்தாண்டை மேய்கிற ஆடுகூட நிமிர்ந்து பார்க்கும். ஆனால் ஆண்டு விழாவில் நன்றியுரை சொல்லச் சொன்னால் போதும், பந்தலுக்குப் பின்னால் போய் நாற்காலி அடுக்க ஆரம்பித்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவள் தலையில்தான் விவாதப் போட்டி வந்து விடிந்தது. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விவாதம் பழக்க வேண்டும் என்று அரியலூர் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து உத்தரவு. தலைமை ஆசிரியர் நடராசன் அதை ஒரு நோட்டம் விட்டார். அணி, டாஸ், சுற்று, இறுதிப் போட்டி என்று இருந்தது. அவ்வளவுதான், முடிவு கட்டிவிட்டார்.

"டீம்ங்கிறாங்க, டாஸ்ங்கிறாங்க. இது நம்ம பி.டி. டீச்சர் வேலைதாங்க. பாத்துக்குங்க."

சுகன்யா பார்த்துக்கொண்டாள். என்னத்தைப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பொங்கலுக்கு டிவியில் வரும் பட்டிமன்றம். அதில் அவரவர் தனக்குப் பிடித்த பக்கம் பேசுவார்கள், கடைசியில் நடுவர் தீர்ப்பு சொல்வார், சனம் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போகும். இதிலோ எந்தப் பக்கம் பேசுவது என்பதைக் காசு சுண்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டுமாம்.

"அந்தப் பக்கம் சரின்னு எனக்கே தோணலன்னா?" என்று கேட்டாள் அபிநயா. எட்டாம் வகுப்பு. கபடியில் பிடி போட்டால் விடாத பெண். "அப்ப பொய் சொல்லணுமா மிஸ்?"

"பொய் இல்லடி. கபடில டாஸ் போட்டுத்தான கோர்ட்டு எடுக்கறோம்? வெயில் மூஞ்சில அடிக்கிற பக்கம் வந்தா ஆடாம வந்துடுவியா?"

அபிநயா தலையாட்டினாள். சொன்னவளுக்குத்தான் சரியாகப் படவில்லை. வெயிலும் பொய்யும் ஒன்றா என்ன?

முதல் போட்டிக்குத் தலைப்பை நடராசனே கொடுத்தார். எட்டாம் வகுப்பு விளையாட்டுப் பீரியடைப் பாடத்துக்கு விட்டுக்கொடுக்கலாமா, கூடாதா. சுகன்யாவுக்கு அந்த வகுப்பில் இருந்ததே வாரத்துக்கு இரண்டு பீரியட். அதில் ஒன்றைக் கணக்கு சார் திருமுருகன், "போர்ஷன் முடியல டீச்சர், இந்த ஒரு வாட்டி" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். திருப்பித் தந்ததாகச் சரித்திரமே இல்லை. மிச்சம் இருக்கிற ஒன்றில்தான் அவள் பெண் பிள்ளைகளுக்குக் கபடி பழக்கி வந்தாள். அதுவும் போனால் மைதானத்தில் அவளும் ஓரத்து வேப்ப மரமும்தான்.

டாஸ் போட்டார்கள். பையன்கள் அணிக்குக் 'கூடாது' வந்தது. அவர்களைப் பழக்க வேண்டியவர் திருமுருகன் சார். அபிநயாவின் பெண்கள் அணிக்குக் 'கொடுக்கலாம்'. பழக்க வேண்டியவள் சுகன்யா. விளையாட்டு டீச்சர் விளையாட்டு வேண்டாம் என்று சொல்லிக்கொடுக்கணும், கணக்கு சார் கணக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொடுக்கணும். நல்ல கூத்து.

திருமுருகன் சார் விவரமான ஆள். ஒரே ஒரு நாள் வந்து, "உடம்புக்கு நல்லதுன்னு சொல்லுங்கடா" என்று முடித்துக்கொண்டார். சுகன்யாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கோட்டுக்குள் இறங்கிவிட்டால் தோற்கத் தெரியாத ஜென்மம் அவள். எதிரணி எதைச் சொல்லும், அதை எப்படி மடக்குவது என்று ராத்திரி சோறு ஆக்கும்போதும் அதே நினைப்பு. கடைசியில் ஒன்று சிக்கியது. அதை அபிநயா வாயில் நன்றாக ஏறும்வரை சொல்ல வைத்தாள்.

போட்டியன்று பையன்கள் அணியிலிருந்து கலைச்செல்வன் எழுந்து உடம்பு, ரத்த ஓட்டம் என்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தான். அபிநயா நிதானமாக எழுந்து வந்தாள்.

"விளையாட வேணாம்னு நாங்க சொல்லல. பள்ளிக்கூடம் வுட்டா சாயங்காலம் ஊருல எல்லாப் புள்ளைங்களும் ஓடியாடத்தான் போறாங்க. ஆனா ஒரு கணக்கு புரியலன்னா, வூட்டுல யாரைப் போயிக் கேப்பாங்க?"

பையன்கள் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தார்கள். நடுவராக உட்கார்ந்திருந்த நடராசன் எழுந்தார்.

"கொடுக்கலாம்னு பேசின அணிதான் ஜெயிச்சது. அதனால, வர்ற திங்கக்கெழமையிலேர்ந்து எட்டாம் வகுப்பு விளையாட்டுப் பீரியட் ரெண்டும் கணக்குக்கு!"

எல்லோரும் கைதட்டினார்கள். சுகன்யாவும் தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே கை அப்படியே நின்றுவிட்டது. இவர் என்ன, பட்டிமன்றத் தீர்ப்பு மாதிரியல்லவா சொல்லிவிட்டார்? நன்றாகப் பேசினதற்குத்தானே வெற்றி? இல்லை, பேசினபடி நடத்தவும் வேண்டுமா? ஜெயித்தது யார், தோற்றது யார் என்றே அவளுக்கு விளங்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் நேரே நடராசன் ரூமுக்குப் போனாள்.

"சார், அது சும்மா போட்டிக்குங்க. புள்ளைங்களுக்கு வெளையாட்டு வேணுங்க சார்."

அவர் சிரித்தார். "சாயங்காலம் ஊருல ஓடியாடத்தான் போறாங்க டீச்சர். கணக்கு புரியலன்னா வூட்டுல யாரைக் கேப்பாங்க, சொல்லுங்க?"

வார்த்தைக்கு வார்த்தை அவள் ஆக்கிக் கொடுத்தது. உடைக்கவே முடியாதபடி அல்லவா பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்!

வெளியே வந்தபோது வராந்தாவில் அபிநயா நின்றிருந்தாள். ஜெயித்த முகமாக இல்லை.

"சார் என்ன மிஸ் சொன்னாரு?"

"நீ சொன்னதையேதான் சொன்னாரு. அதுக்கு என்னாத்தப் பதில் சொல்றதுன்னு எனக்கே தெரியலடி."

"பதில் இருக்கு மிஸ்," என்றாள் அபிநயா, தரையைப் பார்த்துக்கொண்டே. "சாயங்காலம் ஓடியாடறது பையனுங்கதான். நாங்க வூட்டுக்குப் போனா தண்ணி புடிக்கணும், அம்மா வர்றதுக்குள்ள உலை வைக்கணும். இந்த ஒரு பீரியட்லதான் மிஸ் நாங்க ஓடறதே."

சுகன்யாவுக்குச் சுருக்கென்றது. அவள் மட்டும் எந்தச் சாயங்காலத்தில் கபடி பழகினாள்? அவளும் அடுப்படியிலிருந்து வந்தவள்தான். அதை எப்படி மறந்தாள்?

"இத ஏண்டி நான் பழக்கும்போதே சொல்லல?"

"எதிர்ப் பக்கம் பேசுறவங்கதான மிஸ் அதச் சொல்லணும்? அவனுங்களுக்கு அது தெரியல. நான் எப்புடிச் சொல்றது?"

சுகன்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகத் திரும்ப நடராசன் ரூமுக்குள் போனார்கள்.