அத்தை விசாரித்து வந்த கல்லூரி

1982-ம் வருஷம், ஜூன் மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் தலைவிதியை முடிவு செய்ய மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான என் அத்தை. என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

கணக்கில் பட்டம் வாங்க வேண்டும் என்பது என் ஆசை. டவுனில் இருந்த அரசுக் கல்லூரியில் பையன்களும் படிக்கிறார்கள் என்பதால் அப்பா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. மிச்சமிருந்தது, வேங்கிக்காலைத் தாண்டி கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்னப் பெண்கள் கல்லூரி. அதுவும் சரிவராவிட்டால் போளூர் பக்கம் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அத்தைதான்!

உண்மையைச் சொன்னால், அந்தக் கல்லூரியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தோழி ஒருத்தி விண்ணப்பத் தாள் வாங்கிக் கொடுத்திருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அப்பா கேட்டபோது வாய் சும்மா இருந்ததா? "பத்து வருஷமா நடக்குதுப்பா. ஐந்நூறு பொண்ணுங்க படிக்கிறாங்க. முடிச்சவங்க எல்லாருக்கும் பேங்க் வேலை" என்று அளந்துவிட்டேன்.

அப்பா அத்தையைப் பார்த்தார். "நீ ஒரு தரம் போய்ப் பாத்துட்டு வாக்கா. நீ சரின்னா காலேஜு. இல்லன்னா ஆவணியில கல்யாணம்."

எங்கள் சொந்தத்தில் பெண் கொடுப்பதென்றாலும் எடுப்பதென்றாலும் விசாரிக்கப் போவது அத்தைதான். நேராக அந்த வீட்டுக்குப் போகமாட்டார். முதலில் அக்கம்பக்கம், அப்புறம் கடை, அப்புறம் துணி வெளுப்பவர், கடைசியில்தான் வீடு. எதற்கு வந்தோம் என்று யாரிடமும் மூச்சு விடமாட்டார்.

என்னையும் கூட்டிக்கொண்டு போய், கல்லூரியையும் அதே மாதிரிதான் விசாரித்தார்! எதிரே இருந்த பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கிக்கொண்டே, "எதிர்ல இருக்கிறவங்க எப்படிங்க? சண்டை சச்சரவு உண்டா?" என்று ஆரம்பித்தார். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா பாக்கறீங்க? அங்க மாப்பிள்ளையே இல்லியே, எல்லாம் கன்னியாஸ்திரிங்கதான்" என்றார். எனக்கு மானம் போனது. அத்தை அசரவே இல்லை. "அது தெரியும். தண்ணிக்கு எங்க போறாங்க?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

கேட்டைத் தாண்டினோம். ஒரே ஒரு ஓட்டுக் கட்டடம். பக்கத்தில் பாதி எழும்பிய சுவர். சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். ஐந்நூறு பெண்கள் எங்கே உட்காருவார்கள்? நான் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிரின்சிபால் சிஸ்டர், தென்பக்கத்துக்காரர், தாமே நாற்காலி எடுத்துப் போட்டார். அத்தை சுற்றி வளைக்காமல், "எங்க பொண்ணை உங்க மதத்துல சேத்துடுவீங்களா?" என்றாரே பார்க்கலாம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிஸ்டர் கோபப்படவில்லை. "காலையில ஜெபம் உண்டும்மா. அந்த நேரம் உங்க பொண்ணு சும்மா நிக்கலாம். மனசுக்குள்ள அண்ணாமலையாரைக் கும்பிட்டாலும் எனக்குத் தெரியப் போறதில்ல" என்று சிரித்தார்.

பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். கல்லூரி தொடங்கி இரண்டு வருஷம்தான். எழுபத்தாறு பெண்கள். ஒரு செட்டுகூட இன்னும் முடித்து வெளியே போகவில்லை. பல்கலைக்கழக அங்கீகாரத்தை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கணக்குக்கு இரண்டு டீச்சர் இருந்தார்கள், ஒருவர் கல்யாணமாகிப் போய்விட்டார். "வேலை கெடைக்குமான்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தெரியாதும்மா. நல்லா சொல்லிக் கொடுப்போம், அது மட்டும் உறுதி. யோசிச்சுட்டு எழுதிப் போடுங்க. கடைசி நாள் திங்கட்கிழமை."

என் பொய் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டே வந்தது. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சமையற்கட்டையும் கழிப்பறையையும் ஒரு நடை பார்த்துவிட்டு, "வர்றோங்க" என்று எழுந்துவிட்டார்.

டவுனில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, "பத்து வருஷம், இன்னாடி?" என்றார் அத்தை. நான் அங்கேயே, ஜனங்களுக்கு நடுவில், அழுதுவிட்டேன். போளூர்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

வீட்டில் அப்பா காத்திருந்தார். அத்தை சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நாப்பது வீடாவது விசாரிச்சிருப்பேன்டா. தன் வீட்டுக் குறையத் தானே சொன்னவன் ஒருத்தன் இல்ல. இவங்க நான் கேக்காததையும் சேத்துச் சொல்றாங்க. சின்ன இடந்தான், நம்பி அனுப்பலாம். எழுதிப் போடச் சொல்லு."

"போளூர்க்காரங்களுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றார் அப்பா.

"நான் கொண்டாந்த இடம். நானே சொல்லிக்கிறேன்."

ஐந்நூறு பெண்களைப் பற்றியோ பேங்க் வேலையைப் பற்றியோ அவர் வாயே திறக்கவில்லை. எனக்கு நம்பவே முடியவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அத்தை அடுப்பு மூட்டும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டேன்.

"ரெண்டு அறை வுடணும்னுதான் வந்தேன்" என்றார். ஊதுகுழலைக் கீழே வைத்தார். "பள்ளிக்கூடம் போறேன்னு நானும் ஒருநாள் அழுதவதான்டி. பதிமூணு வயசுல கட்டிக் குடுத்துட்டாங்க. ஒரு பொய்யாவது சொல்லித் தப்பிக்கணும்னு எனக்குத் தோணல."

இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் கல்யாணம் பேசி முடித்த அத்தையை நான் வில்லியாகவே நினைத்திருந்தேன். அன்று அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவர் தலையைத் தடவவெல்லாம் இல்லை. "எழுந்திரு, உலை கொதிக்குது" என்றார்.

திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுத்தேன். எங்கள் கணக்கு வகுப்பில் ஒன்பது பேர். ஒரே டீச்சர், ஒன்பது பேரின் நோட்டையும் தினமும் திருத்தினார். ஒன்பது பேரும் தேறினோம். பேங்க் வேலை யாருக்கும் கிடைக்கவில்லை. நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனேன்.

ஒருவர் எதையும் மறைக்காமல் சொன்னதாலும், இன்னொருவர் என் பொய்யை மட்டும் மறைத்துவிட்டதாலும்தான் நான் படித்தேன் என்பதை, கரும்பலகையில் முதல் வரி எழுதும் ஒவ்வொரு ஜூன் மாதமும் நினைத்துக்கொள்கிறேன்.