ரேகை இல்லாத விரல்

வடஆற்காடு ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் அமிர்தவள்ளி மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்கமாட்டாள். பல்லி கத்தினால் பயம், தபால்காரர் வாசலில் நின்றால் பயம். சிரிக்கலாம்தான். ஆனால் அந்தப் பயம் சும்மா வந்ததில்லை.

பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் அவளும் புருஷன் வேலுவும் வேலை செய்தார்கள். சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுத்தோலில் இருந்து கையாலேயே மயிர் பிடுங்குவது அவள் வேலை. ஒருநாள் வேலுவின் கழுத்தில் கறுப்பாக ஒரு கொப்புளம் வந்தது. தோலில் இருந்து ஒட்டிக்கொண்ட நோய் என்று டாக்டர் கண்டுபிடிப்பதற்குள் ஆள் போய்விட்டான். மறுபடி அந்த வாசப்படியை மிதிப்பதில்லை என்று வேலூருக்கு வந்து, ஒரு காலேஜில் ரசாயனக் கூடத்துக் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலையில் சேர்ந்தாள்.

சேர்ந்த அன்றைக்கே இன்னொரு பயம் பிடித்தது. கைநாட்டு வாங்கிய குமாஸ்தா, "இன்னாம்மா இது, வெறும் மைதான் வுழுது. ரேகையே காணோமே?" என்றார். சுண்ணாம்பு அரித்த விரல் நுனிகள் பளிங்கு மாதிரி வழவழவென்றிருந்தன. ரேகை இல்லாதவள் என்று வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்களோ என்று அன்று முதல் யாரைக் கண்டாலும் விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மையில் விழாத மிச்சம் மீதி ரேகையையும் காலேஜ் சலவைச் சோடா தின்றுவிட்டது.

ஐம்பத்தேழில் லெக்சரர் பரந்தாமன் ஒரு சோதனையில் இறங்கினார். பூமியில் உயிர் எப்படித் தோன்றியது என்று பார்க்கவேண்டுமாம். பெரிய கண்ணாடிக் குடுவையில் தண்ணீர். அதுதான் ஆதிக் கடல். அதன்மேல் அம்மோனியாவும் வேறு வாயுக்களும். உள்ளே மின்பொறி சடசடவென்று வெட்டிக்கொண்டே இருக்கும், அது மின்னல். வானத்து இடியைப் பிடித்துக் கண்ணாடிக்குள் அடைத்த மனுஷன் என்று அமிர்தவள்ளி அந்த மேஜைப் பக்கமே போகாமல் சுவரோரமாக நடப்பாள். நாளாக ஆகத் தண்ணீர், தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை ஊறின நிறத்துக்கு மாறியது. அவளுக்குத் தோல் ஷாப்பு ஞாபகம் வந்தது.

அந்தத் தண்ணீரில் அமினோ அமிலம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உடம்பின் சதையைக் கட்டுகிற செங்கல் அது. ஒரு துளியை வடிதாளில் வைத்து, தாளைத் திரவத்தில் நிறுத்தி ஊறவிட்டு, காயவைத்து, ஒரு மருந்தைத் தெளித்துச் சூடு காட்டினால் அமிலம் இருக்குமிடம் ஊதாவாகும். "விரல் வேர்வைலயும் அதே அமிலம் இருக்கு. தாளை இடுக்கியாலதான் தொடணும். வெறுங்கை பட்டா அவ்வளவுதான்," என்று பரந்தாமன் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார்.

ஒருநாள் காயப்போட்ட தாள் காற்றில் கீழே விழுந்தது. பதறிப்போன அமிர்தவள்ளி வெறுங்கையால் எடுத்து மறுபடி மாட்டினாள். யாரும் பார்க்கவில்லை.

மாலையில் பரந்தாமன் அந்தத் தாளில் மருந்து தெளித்துச் சூடு காட்டினார். ஓரத்தில் ஊதா நிறத்தில் சுழி சுழியாக ஒரு கைரேகை எழும்பியது.

"யார் தொட்டது?" பரந்தாமன் கத்தினார். "நீதானே?"

"நான் தொடல சார். சத்தியமா!" பொய் தானாக வந்துவிட்டது.

அவள் விரலை வேறொரு தாளில் அழுத்தச் சொல்லி மருந்து தெளித்தார். கோடே இல்லாமல் மொழுக்கென்று ஒரு வட்டம் வந்தது. பிறகு தன் விரலை அழுத்தினார். அதே சுழி.

"அட, என் கையேதான்! மன்னிச்சிக்கம்மா. ஓரத்தைக் கத்தரிச்சுட்டாப் போச்சு." குனிந்தவர் துள்ளிக் குதித்தார். "இங்க பாரு, நடுவுல! சுத்தமான பொட்டு. கோடு இல்ல, கை பட்ட அடையாளமே இல்ல. அமினோ அமிலம்தான்! அடுத்த வாரம் மெட்ராஸ்ல பெரியவங்க முன்னாடி வைக்கப்போறேன்."

அமிர்தவள்ளி பார்த்தாள். நடுவில் இருந்ததும் மொழுக்கென்ற வட்டம். ஆசை கண்ணை மறைத்தவருக்குத்தான் அது தெரியவில்லை.

தப்பித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும். சொன்னால் பேரணாம்பட்டு, சுண்ணாம்புக் குழி, கழுத்தில் கறுப்புக் கொப்புளம். ஆனால் மெட்ராஸில் நாலு பேர் இவரைப் பார்த்துச் சிரிப்பது கண்முன் வந்து நின்றது. மன்னிப்பு என்று அவளிடம் கேட்ட ஒரே மனுஷர். அவர் தலைகுனிந்து நிற்பாரே என்ற பயம் மற்றப் பயத்தையெல்லாம் அமுக்கிவிட்டது.

"சார், அது என் விரலு. தாளு வுழுந்துச்சு, எடுத்து மாட்டிட்டேன். பயத்துல பொய் சொல்லிட்டேன்."

அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு நான் வரட்டுங்களா சார்?"

பரந்தாமன் எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தார். சடசடப்பு நின்றது.

"வந்துதானே ஆவணும், அமிர்தவள்ளி. குடுவையைக் கழுவணும். மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."