நிலவேம்பு யாருக்கு?

நாட்டு மருந்துக் கடைக்கு நோயாளி நேரில் வருவது அபூர்வம். அவருக்காக ஊரே வரும். பதுளைக் கடைவீதியில் பொட்டலம் கட்டிக் காலம் தள்ளுகிற எனக்கு மட்டுமல்ல, கடை வைத்திருக்கும் உங்களுக்கும் இது தெரிந்த கஷ்டம்தான்.

எட்டுக்கு ஒன்று

காய்ச்சலுக்கு மலைக்காட்டு நிலவேம்பு கேட்டு வருவார்கள். வேரோடு பிடுங்கிக் காயவைத்த சின்னச் செடி. கசப்பில் வேப்பிலைக்கு அண்ணன். எட்டு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராக வற்றவிட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுப்பேன். யார் கேட்கிறார்கள்? கொதிநீரில் போட்டு, சாயம் இறங்கியதும் குடித்துவிட்டு, காய்ச்சல் விடவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் என்னையே மடக்கினார்: "தேத்தண்ணிய இம்புட்டு நேரம் கொதிக்க வச்சா எங்க லயத்து வீடுகள்ல யாரும் தொட மாட்டாங்க மொதலாளி. இதுக்கு மட்டும் என்னாவாம்?"

எனக்குத்தான் காய்ச்சல்

வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு நிலவேம்பு ஆகாது, கருவுக்கே ஆபத்து. அதனால் யாருக்கு என்று கேட்காமல் நான் கட்டுவதில்லை.

பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவன் வந்தான், கல்யாணமான புதிது. காய்ச்சல் தனக்குத்தான் என்றான். நெற்றியைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. வீம்புக்கு, கடையில் காய்ச்சி வைத்திருந்த கஷாயத்தில் ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினேன். கண்ணில் தண்ணீர் வர, அடிவரை குடித்துவிட்டு, "வீட்டுக்கும் ஒரு பொட்டலம் குடுங்க" என்றான்.

எனக்குப் பயமாகிவிட்டது. பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டே, வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி யாராவது இருந்தால் என்ன ஆகும் என்று உடைத்துச் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. நிலவேம்பை உள்ளே வைத்துவிட்டு, உடனே உன் பெண்சாதியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று விரட்டினேன். படியில் கால் வைத்தவன் திரும்பிச் சொன்னான்: "மூணு மாசம் முடியாம வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்குங்க. தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிராதீங்க மொதலாளி."

அம்மா வந்தார்

அடுத்த வாரம் அந்த அம்மாவே கடைக்கு வந்தார். மருமகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, வயிற்றில் பிள்ளையும் பத்திரம் என்றார். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு உயிர் வந்தது. நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அவளப் பெத்த தாய்க்கே இன்னும் சொல்லலங்க. மொத மொதல்ல ஒரு கடைக்காரருகிட்டப் போயி சொல்லியிருக்கானே, நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?"

மருந்து வாங்கியவர் பத்தியம் இருப்பதுதான் வழக்கம். அந்த வீட்டுக்கு மருந்தே விற்காத நான், அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம் முடியும்வரை என் மனைவியிடம்கூட வாய் திறக்காமல் பத்தியம் இருந்தேன்.