யானைக்கு அழைப்பில்லை

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் யானை என் ஆட்களையே மிதித்துக் கொன்றது.

பயப்பட வேண்டாம். களிமண் யானை. எங்கள் ஊர் வாசகசாலை மேஜையில், இராஜாக்கமங்கலம் கடல் மணலைக் கொட்டி நடத்திய யுத்தம். என் மச்சினன் தனசிங் கொழும்பிலிருந்து ஈயச் சிப்பாய்கள் ஒரு பெட்டி கொண்டுவந்தான். போதாததைக் குயவரிடம் செய்து வாங்கினோம். ஆளுக்கு முப்பது பாயிண்டு. காலாளுக்கு ஒன்று, குதிரைக்கு இரண்டு, பீரங்கிக்கு ஐந்து — இப்படி லிஸ்ட் போட்டுப் படை சேர்க்க வேண்டும். பொம்மை விளையாட்டுதான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சிரிக்க நேரமில்லை. மாசக் கடைசிக்குள் மூன்றாவது ஆள் ஒருவரைச் சேர்க்காவிட்டால் மேஜை கேரம் கோஷ்டிக்கு என்று காரியதரிசி கெடு வைத்துவிட்டார். ஆகவே ஜவுளிக்கடை சுயம்புவை வேடிக்கை பார்க்க இழுத்து வந்தோம்.

நான் லிஸ்ட் போட்ட லட்சணம் இருக்கிறதே... நம் ஊரில் கலியாணத்துக்கு அழைக்கிற மாதிரி போட்டேன். ஒருத்தரை விட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நின்றுபோகுமே, அந்தப் பயம். காலாள், குதிரை, ஒட்டகம், யானை, பீரங்கி, முரசு, பாலம் கட்டுகிறவன், டோலி தூக்குகிறவன்... ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூல். முரசு கேட்டால் யானை மிரளும் என்பதும் ஒரு ரூல். மறந்து தொலைத்தேன். ஆட்களுக்குத் தைரியம் கொடுக்க முரசை அடித்தேன். யானை திரும்பியது. என் காலாள் பூராவும் காலி.

சுயம்பு கொட்டாவி விட்டார். "நீரு சண்டைக்கு வந்தீரா, சம்பந்திமாரை உபசரிக்க வந்தீரா வேய்?"

எனக்கு வந்ததே கோபம். அடுத்த சனிக்கிழமை வம்புக்கென்றே முப்பதும் காலாள். தனசிங்கையும் அப்படியே போட வைத்தேன். ரூல் ஒன்றுதான், மறக்க வழியில்லை. இரண்டு படையும் நடுவில் வந்து முட்டிக்கொண்டு நின்றன... ஒரு மணி நேரம். இந்தத் தடவை சுயம்பு கொட்டாவிகூட விடவில்லை. தூங்கிவிட்டார்.

தனசிங் பெட்டியை மூடப் போனான். "விட்டிரலாம் அத்தான். கேரம் பயலுவ ஆடட்டும்."

எனக்கு மனசு வரவில்லை. கெடுவுக்கு ஒரே ஒரு சனிக்கிழமைதான் பாக்கி. வீட்டில் உட்கார்ந்து பழைய லிஸ்டில் இருந்த ஒவ்வொன்றையும் கேட்டேன்: நீ வராவிட்டால் எந்த வேலை கெட்டுப்போகும்? பதில் சொன்னவை மூன்றுதான். நின்று தாங்கக் காலாள். சுற்றி வளைக்கக் குதிரை. தூரத்திலிருந்து அடிக்கப் பீரங்கி.

கடைசிச் சனிக்கிழமை இருவர் படையிலும் அந்த மூன்று மட்டும்தான். என் குதிரைகளையெல்லாம் இடப்பக்கம் விட்டேன். சுயம்பு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "தனசிங்கு, அந்தாளுக்க வலப்பக்கம் வெறுதெ கெடக்கு பாரு மக்கா."

தோற்றேன். சுயம்புவோ, அடுத்த வாரம் தனக்கு எந்தப் படை என்று கேட்டார். காரியதரிசியின் நோட்டில் மூன்றாவது கையெழுத்து விழுந்தது. மேஜை பிழைத்தது.

எல்லாம் வேண்டும் என்கிறவனும் ஒன்றே போதும் என்கிறவனும் ஒரே ஜாதிச் சோம்பேறிகள். இரண்டு பேருக்கும் தேர்ந்தெடுக்கத்தான் வலிக்கிறது. எனக்கும் வலித்தது. வேறென்ன?

யானை இப்போது என் அலமாரியில் நிற்கிறது — அழைப்பு வராத பெரியப்பா மாதிரி முறைத்துக்கொண்டு!